பண்ணையார் ஊரில் இல்லை

நான் எண்ணியவரை எழுபத்தெட்டுப் பேரை ஏற்றியிருந்த அரியலூர் பஸ்ஸில், முன் இருக்கைக் கூலிக்காரப் பெரியவர் மருமகனிடம் சொன்னார்:

"பண்ணையாரைச் சுட வந்தவனுங்கள நாந்தான் திருப்பி அனுப்புனேன்."

"நமக்குச் சமத்துவம் கொண்டாரோம்னு சொன்ன இயக்கமாச்சே மாமா?"

"அவனுங்கதான். ஆளக் காட்டுன்னானுங்க. அவரு வரப்புலதான் நின்னாரு. ஊர்லயே இல்லன்னுட்டேன்."

"நம்மள அவரு தெருவுல செருப்புப் போட்டு நடக்க வுடாதவராச்சே!"

"அதுக்கு உசுரையா எடுக்குறது? மறுநா நானே செருப்புப் போட்டுக்கிட்டு அவரு வூட்டு வழியா நடந்தேன். மொறைச்சாரு. நான் நிக்கல. இப்ப நம்ம சனமே நடக்குது."

"அவரு உசுரக் காப்பாத்துனதச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா, அந்த நன்றிக்காவ நடக்க வுட்டதா ஆயிடும்டா."