சிவப்பு பார்த்த கல்

வெயில் ஏறுறதுக்குள்ள கோயிலுக்குப் போயிரணும்னு சொன்னது நான்தான், ஐயா. பந்தேய் ச்மார் கோயில்ல மத்தியானம் ஆச்சுன்னா கல்லுல கால் வைக்க முடியாது.

ஒரே பைக்ல மூணு பேரு போனோம். ரச்சனா ஓட்டினா, நடுவுல தவ்ரி, பின்னாடி நான். பள்ளிக்கூடத்துல இருந்தே ஒண்ணாச் சுத்துறவங்க. தவ்ரிக்குக் கொரியாவுல தொழிற்சாலை வேலை கிடைச்சிருந்துச்சு. சித்திரைப் புதுவருஷம் முடிஞ்சதும் விமானம். அதுக்கு முன்னாடி ஒரு தடவை கோயிலைப் பார்த்துரலாம்னு கிளம்பினோம்.

"அங்க எவனாச்சும் உன்னைக் கொத்திட்டுப் போயிருவான்டி, அப்புறம் எங்க மூஞ்சி ஞாபகம் இருக்குமாக்கும்"னு ரச்சனா வழியெல்லாம் கிண்டல்.

"அஞ்சே வருஷம்டி, கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள வந்துருவேன்"னு தவ்ரி சிரிச்சா.

அஞ்சு வருஷம் நான் யார்கூட உக்காந்து சோறு தின்பேன்னு அவளுக்குத் தோணவே இல்ல.

என் வேலை உங்களுக்குத் தெரியும். சண்டைக் காலத்துல புதைச்ச கண்ணிவெடியைத் தேடி எடுக்குறது. தேடி முடிச்ச எல்லையில கல்லு வெப்போம், ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் வெள்ளை. உன்னைப் பார்த்து வெள்ளை இருந்தா நீ நிக்கிற இடம் நல்ல இடம். சிவப்பு இருந்தா நீ வெடிக்காட்டுக்குள்ள நிக்கிற. இதைத் தவ்ரிக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான்.

அன்னிக்கு அவங்க ரெண்டு பேரும் நூடுல்ஸ் தின்னுட்டு இருந்தப்போ, நான் முன்னாடி போய் கோயிலை ஒட்டின எல்லையில ரெண்டு கல்லைத் திருப்பி வெச்சேன். அதுக்கு நேர் பின்னாடி ஒரு வெடி. நானே கண்டுபிடிச்சு, அடையாளக் கொடி நட்டு, திங்கக்கிழமை எடுக்க விட்டுவெச்சது. கொடியைப் பிடுங்கிட்டேன். சின்ன வெடி, பாதத்தைத்தான் எடுக்கும். உயிரை எடுக்கிறதா இருந்தா நான் தொட்டே இருக்க மாட்டேன்.

கோபுரத்துல இருந்து விழுந்து அங்க கெடந்த ஒரு கல்முகத்துக்கிட்ட தவ்ரி போட்டோவுக்கு நின்னா. சிவப்பு தன்னைப் பார்க்குறதைக் கவனிச்சுட்டா.

"ஐயோ, நாம தப்பான பக்கம் நிக்கிறோம்டி"ன்னா.

"பயப்படாத. கல்லைத் தாண்டி அந்தப் பக்கம் போயிரு"ன்னேன்.

தாண்டினா.

வெடிச்சதும் என் துண்டால அவ முழங்காலுக்கு மேல இறுக்கிக் கட்டினேன். ரச்சனா பைக்கை எடுக்க ஓடினா. தவ்ரி மயக்கத்துல இருந்தா. அந்த நேரத்துல ரெண்டு கல்லையும் பழையபடி திருப்பிட்டேன்.

இடது பாதம் மட்டும்தான் போச்சு. நாலு மாசம் கண்ணை இமை காக்குற மாதிரி பார்த்துக்கிட்டேன். கஞ்சி ஊட்டினேன், தலை வாரிவிட்டேன். ராத்திரி வலியில அவ அழுதா நானும் அழுதேன், ஐயா. அது நடிப்பில்ல. யார் கேட்டாலும் தவ்ரி, "நான்தான் பதட்டத்துல நிறத்தை மாத்திப் பார்த்துட்டேன், இவ இல்லைன்னா செத்திருப்பேன்"னு சொன்னா. அதைக் கேக்குறப்போ எனக்கு நெஞ்சு வெடிச்சிரும்.

போன வாரம் பொய்க்கால் வந்துச்சு. நல்லா நடக்குறா. புனோம் பென்ல தையல் வேலைக்கு அவ சித்தி கூப்பிட்டிருக்காங்க, நாளைக்கு பஸ்.

மனசு உறுத்துச்சு, அதான் ஸ்டேஷனுக்கு வந்தேன்னு எழுதிக்கங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். வழக்கு முடியுற வரைக்கும் சாட்சி சொல்ல அவ ஊர்லயேதானே இருக்கணும்?