செம்பாசியை நாள்தோறும் புரட்டிய கைகளுக்கு

தாவரவியல் துறைத் தலைவர் முனைவர் தி. சம்பூர்ணம் அம்மையார் அவர்கள், முப்பத்தோராண்டுப் பணி நிறைந்து விடைபெறும் இந்நாளில், செங்கல்பட்டுக் கல்லூரிப் பணியாளர்களாகிய நாங்கள் நெஞ்சம் நெகிழ்ந்து படித்தளிக்கும் மடல்.

கடலைக் கற்ற கண்மணியே! கல்லென்று கண்டதில் உயிரைக் கண்டவரே! கடிந்தொரு சொல் சொல்லாத கனிவே! வணக்கம்.

கொக்கிலமேட்டு மீனவர்கள் வலையைக் கிழிக்கும் கற்களை வசைபாடி வீசிய கரையில், குனிந்து அவற்றைப் பொறுக்கியவர் நீங்கள். அவை கல்லல்ல, கடல்நீரின் சுண்ணாம்பைத் தன்னுள் சேர்த்துச் சேர்த்து இறுகும் செம்பாசி, எந்தப் பாறையையும் பற்றாமல், கடலடியில் உருண்டபடியே உயிர்வாழும் பாசி என்று பின்னாளில் எங்களுக்குச் சொன்னீர்கள். கிளைத்தது, புடைத்தது, எலுமிச்சைபோல் உருண்டது எனத் தோற்றம் பல. ஒரே தோற்றத்துக்குள்ளும் இனங்கள் பல. மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தால்தான் பிரித்தறிய முடியும். ஒன்றின் இடுக்கில் நண்டுக்குஞ்சும் புழுவும் சிப்பியும் குடித்தனம் நடத்துவதை நீங்கள் காட்டியபோது, அலுவலகத்தில் கோப்புகளை விட்டுவிட்டு ஓடி வந்தோம்.

ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராதது அது. கைப்பிடி அளவுள்ள ஒன்றுக்கு நம்மில் எவரையும்விட வயது அதிகம். அலையும் நண்டும் புரட்டிக்கொண்டே இருந்தால்தான் எல்லாப் பக்கமும் வெளிச்சம் படும்; புரளாத பக்கம் செத்துப்போகும். நீங்கள் கொண்டுவந்து வளர்த்த ஆய்வகத் தொட்டியில் அலை ஏது? அந்த வேலையை உங்கள் கை செய்தது. பத்தொன்பது ஆண்டுகளாக, ஞாயிறென்றும் பொங்கலென்றும் பாராமல், சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து பேருந்தேறி வந்து, காலை பத்து மணிக்கு ஒவ்வொன்றாகப் புரட்டினீர்கள்.

அம்மா, பாராட்டு மடலில் பிழையை எழுதுவது வழக்கமில்லை. ஆனாலும் எழுதாமல் இதைப் படிக்க எங்களுக்கு மனம் வரவில்லை. ஏழாண்டுகளுக்கு முன் நீங்கள் காய்ச்சலில் படுத்திருந்த வாரம், ஆயுத பூஜைக்கு ஆய்வகத்தைத் துப்புரவு செய்தோம். அப்போது எங்களுக்கு அவை வெறும் கற்கள்தான். தொட்டியிலிருந்த நாற்பத்தொரு செம்பாசிகளின் செந்நிறத்தை அழுக்கென்று நினைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தோம். வெள்ளையாகி விட்டனவே என்று மகிழ்ந்து, அவற்றைக் கொண்டு குரோட்டன்ஸ் பாத்திக்கு வரம்பு கட்டி, சந்தனமும் குங்குமமும் வைத்தோம்.

திரும்பி வந்த நீங்கள் பாத்தியோரம் உட்கார்ந்துவிட்டீர்கள். "இன்னாம்மா, கல்லுக்குப் போயி அழுவுறீங்க?" என்றார் வாயிற்காவலர் சின்னராசு. "கல்லு இல்ல சின்னராசு, அது உசுரு. எங்க பாட்டன் காலத்துலேர்ந்து இருந்துது," என்றீர்கள். அவ்வளவுதான். கீழ்த்தட்டிலிருந்த இன்னொரு சிறு தொட்டியில் எங்கள் கைக்கு எட்டாமல் கிடந்த ஒன்பது மட்டும் பிழைத்தன. முதல்வருக்கு நீங்கள் எழுதிய அறிக்கையில் எவர் பெயரும் இல்லை. 'தொட்டியில் சீட்டு ஒட்டாதது என் தவறு' என்று மட்டும் இருந்தது. அந்த வரியை நாங்கள் எப்படி மறப்போம்!

சென்ற மாதம், "நான் போன பிறகு யார் புரட்டுவாங்க? கடல்லயே விட்டுடலாம்" என்று வாளியை எடுத்து வைத்தீர்கள். அந்த வாளி இன்னும் வாசலில்தான் இருக்கிறது. அதை எடுத்துச் செல்ல வேண்டாம் அம்மா. இரண்டு வாரங்களாக நீங்கள் பாடம் எடுக்கும் நேரத்தில் ஒவ்வொருவராக ஆய்வகத்துக்கு வந்து, உங்களிடம் பார்த்தறிந்த கைப்பழக்கத்தைச் செய்து பழகிக்கொண்டோம். நுனிவிரலால் தொட்டு, கிளை ஒடியாமல், நீருக்கு வெளியே எடுக்காமல்.

நோயின்றி, கவலையின்றி, நூறாண்டு கடந்தும் வாழ்க! கடற்கரைக் காற்று உங்கள் மூச்சுக்குத் துணையாகுக! விரும்பும்போதெல்லாம் வந்து ஒன்பதையும் எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்தாலும் இம்முறை எங்கள் பெயரையே எழுதுங்கள்.

என்றும் நன்றியுடன், புரட்டும் முறைப்படி ஒப்பமிடுவோர்:

திங்கள் – ஜெகதீசன், அலுவலகக் கண்காணிப்பாளர். பவுடர் வாங்கி வந்தவர்.
செவ்வாய் – ஷபானா, ஆய்வக உதவியாளர்
புதன் – பெஞ்சமின், விலங்கியல் துறை
வியாழன் – காயத்ரி, தாவரவியல் துறை
வெள்ளி – செங்கல்வராயன், நூலகர்
சனி – ஜாய்ஸ், தட்டச்சர்
ஞாயிறும் பண்டிகை நாள்களும் – கேட்டு வாங்கிக்கொண்டவர், வாயிற்காவலர் சின்னராசு.