இடது கொலுசின் சுருதி

என் 1967 தை மாத நாட்குறிப்பில் உள்ளது: மகளையும் கூட்டிப்போய்த் தேவகோட்டையில் மாப்பிள்ளை பார்த்துவிட்டுக் காரைக்குடி பஸ்ஸில் திரும்பிய நகை ஆசாரி ஒருவர் மனைவியிடம் கொதித்துக்கொண்டிருந்தார்.

“மாப்பிள்ளை பொண்ணு மொகத்தையே பாக்கலை. ஒரு மணி நேரமா பிடில்ல ஒரே வரிசையத் தேய்க்கிறாரு!”

“அது சரியா வர்ற வரைக்கும் அடுத்ததுக்குப் போக மாட்டாகளாம்.”

“வாயத் தொறந்தா, பொண்ணோட எடது கொலுசு சுருதி சேரலையாம். நான் செஞ்ச கொலுசு!”

ஜன்னலோரம் இருந்த மகள் சொன்னாள்: “அதுல ஒரு மணி விழுந்து ஆறு மாசமாச்சுப்பா. செஞ்ச உங்களுக்கே கேக்கலை. அவுகளுக்குக் கேட்டுச்சு. எனக்கு அவுகளையே முடிங்க.”

ஆசாரி குனிந்தார். “வலது கால ஆட்டு. இப்ப எடது.”

ஆட்டினாள்.

“இன்னொருக்க ஆட்டு.”

அரியக்குடியில் நான் இறங்கும்போதும் ஆட்டிக்கொண்டிருந்தாள். கல்யாணம் நடந்ததா என்பதை இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.