நாலு கேள்விக்கு எட்டுப் பதில்

வீரசிங்கம்: கண்ணாடிய ஏத்து. வெளிய கேக்கும்.

நிரஞ்சலா: இனிமே கேக்கறதுக்கு என்ன மாமா இருக்கு? மண்டபத்துல மைக்குலயே எல்லாம் கேட்டாச்சு.

வீரசிங்கம்: ஏத்துன்னா ஏத்து புள்ள. ஸனூஸ், நீ போயி ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு வா. நான் கூப்பிட்டப்புறம் வேன எடுத்தாப் போதும்.

ஜெயலெட்சுமி: முதல்ல தண்ணியக் குடிங்க. மூஞ்சி வெளுத்துப் போச்சு உங்களுக்கு.

வீரசிங்கம்: தண்ணி இறங்குமா லெச்சுமி? மாகாண சபைக்கு நிக்கிற மனுசனை, பதுளையே பாக்க, உன் அண்ணன் மக வெட்டிப் போட்டுட்டா.

நிரஞ்சலா: நான் மொழிபெயர்க்கத்தான் வந்தேன். நீங்க சிங்களத்துல சொன்னத தமிழ்ல சொன்னேன். அதுக்குத்தான் கூட்டம் வச்சவங்க என்னை மேடையில உக்கார வச்சாங்க.

வீரசிங்கம்: நான் எழுதிக் குடுத்த தாள் எங்க?

நிரஞ்சலா: பையில இருக்கு.

வீரசிங்கம்: பையில வச்சுக்கவா குடுத்தேன்? எல்லா வேட்பாளருக்கும் அதே நாலு கேள்விதான். கரண்ட், பஸ், மாகாண பட்ஜெட், வெளிநாட்டுக்குப் போற ஆளுங்க. நாலுக்கும் தமிழ்ல அழகா எழுதி உன் கையில குடுத்தேன். நான் சிங்களத்துல பேசி முடிச்சதும் நீ அத வாசிக்கணும். போன வாரம் பண்டாரவளையில வாசிச்சதானே?

நிரஞ்சலா: வாசிச்சேன். அந்த வெக்கம் இன்னும் போகல.

வீரசிங்கம்: இன்னைக்கு மட்டும் என்ன வந்துச்சு உனக்கு?

நிரஞ்சலா: அத என்கிட்டக் கேக்காதீங்க மாமா.

ஜெயலெட்சுமி: பிள்ளைய மெரட்டாதீங்க.

வீரசிங்கம்: நான் மெரட்டுறேனா? பின்வரிசையில நம்ம தோட்டத்து ஆளுங்க நாப்பது பேரு. கத்தியிருந்தாக்கூட சமாளிச்சிருப்பேன். ஒரு சத்தம் இல்ல. எந்திரிச்சு, உக்காந்திருந்த நாற்காலிய மடிச்சு, செவுத்துல சாத்தி வச்சிட்டுப் போறாங்க. ஒவ்வொருத்தரா... என் மூஞ்சியப் பாக்காம.

நிரஞ்சலா: பாத்தா துப்பிருப்பாங்க.

வீரசிங்கம்: ஏய்...

நிரஞ்சலா: லயத்துல ஒவ்வொரு காம்பரா வீட்டுக்கும் தனி மீட்டர், கூரையில சோலார்னு தாள்ல இருக்கு. வாயில வந்தது என்ன? லயத்து ஜனங்க களவா கரண்ட் எடுக்குறாங்க, முதல்ல கம்பிய அறுக்கணும்னு சொன்னீங்க.

வீரசிங்கம்: எடுக்கலையா? நம்ம லயத்துலயே ரெண்டு பேரு...

நிரஞ்சலா: மீட்டர் கேட்டா கரண்ட் ஆபீஸ்ல வீடு உன் பேர்ல இருக்கான்னு கேக்குறாங்க. பேர்ல எழுதித் தாங்கன்னு தோட்டத்துத் துரைகிட்டப் போனா அவரு சிரிக்கிறாரு. பொறகு என்ன, குப்பி விளக்கு வச்சா ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கிறது? நான் படிச்சது அந்தக் களவு கரண்ட்லதான் மாமா. என்னையும் சேத்துத்தான் அறுக்கச் சொன்னீங்க.

வீரசிங்கம்: படிச்சிட்டா இதுதான் வம்பு. அரசியல்னா என்னன்னு நினைச்ச? முன்வரிசையில டவுன் ஓட்டு, பின்வரிசையில தோட்டத்து ஓட்டு. அவங்க காதுக்கு ஒண்ணு, நம்ம காதுக்கு ஒண்ணு. ரெண்டையும் ஒரே பாத்திரத்துல ஊத்துறவன் இந்த மாகாணத்துல எந்தக் கட்சியில இருக்கான், சொல்லு.

நிரஞ்சலா: அப்ப தோட்டத்துக்குக் காலையில சாயந்திரம் பஸ்னு ஏன் எழுதினீங்க? அந்த ரோட்டுல பஸ் விட்டா டயருக்குக்கூடக் கட்டாதுன்னு சிங்களத்துல சொல்லிட்டு...

வீரசிங்கம்: கட்டாதுதான்.

நிரஞ்சலா: புள்ளத்தாச்சிய கம்பளியில போட்டுத் தூக்கிக்கிட்டு ரெண்டு மைல் நடக்குறவங்ககிட்ட சொல்லிப் பாருங்க, டயர் கணக்க. பட்ஜெட்டும் அதேதான். தோட்டம் கம்பெனி பொறுப்பாம், மாகாண சபைக் காசு அங்கிட்டு ஒரு சதம் போகக் கூடாதாம். அத நான் தமிழ்ல சொல்லும்போது கலாராணி அக்கா வாயப் பொத்திக்கிட்டாங்க. உங்களுக்காக வீடு வீடா நோட்டீஸ் குடுத்தவங்க அவங்க.

வீரசிங்கம்: கலாராணி... அவளும் போயிட்டாளா?

ஜெயலெட்சுமி: முதல்ல எந்திரிச்சது அவதான்.

வீரசிங்கம்: சரி. ஆனது ஆச்சு. திங்கக்கிழமை காலையில பெரட்டுக்களத்துல எல்லாரும் வேலைக்கு நிப்பாங்கல்ல, அங்க பேசிச் சரிக்கட்டிரலாம். இந்தா, இதுல ஒரு கையெழுத்துப் போடு.

நிரஞ்சலா: என்ன இது?

வீரசிங்கம்: மேடைப் பயத்துல தப்பா மொழிபெயர்த்துட்டேன், மாமா அப்படிச் சொல்லவேயில்லைன்னு ரெண்டு வரி. அவ்வளவுதான்.

நிரஞ்சலா: அவ்வளவுதானா? அடுத்த மாசம் எனக்கு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் இண்டர்வியூ இருக்கு. தப்பா மொழிபெயர்த்தேன்னு என் கைப்பட எழுதிக் குடுத்துட்டு அங்க போய் என்ன சொல்ல? எங்க லயத்துல கெம்பஸ் வாசல மிதிச்ச முதல் ஆளு நான். இந்த ஒரு தொழிலைத்தான் நாலு வருசம் படிச்சேன்.

வீரசிங்கம்: நான் பேசி ஹாஸ்டல் வாங்கித் தரலைன்னா அந்த நாலு வருசம் ஏது உனக்கு? சொல்லு லெச்சுமி, நீயாவது சொல்லு.

ஜெயலெட்சுமி: வாங்கித் தந்தாருதான் நிரஞ்சி. அத மறக்கக் கூடாது.

நிரஞ்சலா: மறக்கல அத்தே. அதனாலதான் பண்டாரவளையில வாய மூடிக்கிட்டு அந்தத் தாள வாசிச்சேன். நாலாவது கேள்வி வந்துச்சு பாருங்க, வெளிநாடு... அங்கயே எந்திரிச்சுப் போயிருக்கணும் நான்.

வீரசிங்கம்: அதுல என்ன தப்பா சொல்லிட்டேன்?

நிரஞ்சலா: நம்ம பொம்பளைங்க குவைத்துக்கும் சவுதிக்கும் வீட்டு வேலைக்குப் போய்ச் சீரழியுறத நிறுத்துவேன்னு எழுதினவரு நீங்க. சிங்களத்துல என்ன சொன்னீங்க? இன்னொருக்கா சொல்லுங்க. அத்தை முன்னால தமிழ்ல சொல்லுங்க.

வீரசிங்கம்: இன்னும் கொஞ்சப் பேர அனுப்பினா டொலர் வரும்னேன்.

நிரஞ்சலா: அதுக்கு முன்னால ஒண்ணு சொன்னீங்க.

வீரசிங்கம்: அது... கூட்டம் சிரிக்கிறதுக்குச் சொன்னது. விடு. கையெழுத்தப் போடு.

நிரஞ்சலா: போட மாட்டேன். வீடியோ எடுத்திருக்காங்க. யாரு வேணும்னாலும் கேட்டுப் பாக்கட்டும்.

வீரசிங்கம்: கேட்டா? பெரட்டுல நிக்கிற எந்தப் பொம்பளைக்கு என் சிங்களம் புரியப் போகுது? புரியிற பயலுக பாதிப் பேரு கொழும்புல. தப்பா சொன்னது நீன்னு நான் சொன்னா, நீதான். கையெழுத்து இல்லாட்டியும் சொல்லுவேன். அப்புறம் உன் இண்டர்வியூவுக்கு என் கையால ஒரு கடிதமும் போகும். யோசிச்சுக்க.

நிரஞ்சலா: சொந்த மச்சான் மகளுக்கா மாமா...

வீரசிங்கம்: எனக்கு இருபது வருச உழைப்பு போச்சு புள்ள.

ஜெயலெட்சுமி: கையெழுத்துக் கேட்ட அந்தத் தாள இங்க குடுங்க.

வீரசிங்கம்: நீ எதுக்கு வாங்குற?

ஜெயலெட்சுமி: குடுங்க. பிள்ளைய ஒண்ணும் பண்ணாதீங்க. திங்கக்கிழமை பெரட்டுல நான் பேசுறேன்.

வீரசிங்கம்: நீயா? என்னன்னு?

ஜெயலெட்சுமி: நீங்க சொன்னது என்ன, நிரஞ்சி சொன்னது என்னன்னு. ரெண்டும் ஒண்ணுதான்னு.

வீரசிங்கம்: உனக்கு எப்படித் தெரியும்? சிங்களத்துல தண்ணி கேக்கத் தெரியுமா உனக்கு?

ஜெயலெட்சுமி: தண்ணி கேக்கவும் தெரியும், அடிக்காதீங்கன்னு கெஞ்சவும் தெரியும். ஒம்பது வயசுல என்னை பண்டாரவளையில ஒரு சிங்கள நோனா வீட்டுல வேலைக்கு விட்டாங்க. பத்து வருசம். உங்க அம்மா வேலைக்காரிய மருமகளா எடுக்க மாட்டாங்கன்னுதான், சின்னம்மா வீட்டுல வளந்தேன்னு எங்க அண்ணன் பொய் சொல்லிக் கட்டி வச்சாரு. கல்யாணமான இந்த இருபத்தி ஆறு வருசமும் நீங்க போன்ல பேசினது ஒண்ணு விடாம எனக்குப் புரிஞ்சுச்சு. வாயத் திறக்கல. போன வாரம் அதே பண்டாரவளையில, 'தோட்டத்துப் பொம்பளைங்க வீட்டு வேலைக்குன்னே பொறந்ததுங்க'ன்னு சொன்னீங்க பாருங்க, சபையே சிரிச்சுச்சு, நீங்களும் என்னைப் பாத்துச் சிரிச்சீங்க... அன்னைக்கு அந்த மண்டபத்துப் படியிலயே வச்சு இவகிட்ட சொன்னேன், இனி ஒருக்கா அந்தத் தாள வாசிச்சா என்னை அத்தைன்னு கூப்பிடாதேன்னு.