டேப் அக்காவின் பின்னறை

மேடையில் வீற்றிருக்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களே, பள்ளித் தலைமையாசிரியர் அவர்களே, தாயைப் பறிகொடுத்து அமர்ந்திருக்கும் அக்காவின் மகளே, ஐந்து பிளாக்கிலிருந்தும் வந்திருக்கும் அண்டை வீட்டாரே, அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் நான்கு பேர் பேசினார்கள். அக்கா பொறுமையின் சிகரம் என்றார்கள். அக்காவுக்கா பொறுமை! பொத்தான் காஜா ஒரு நூல் தள்ளிப் போனாலும் முழுச் சட்டையையும் பிரித்து வீசுகிற மனுஷி அவர். நான் ஒலித்தடுப்பு வேலை செய்கிற டெக்னீஷியன். எனக்குப் புகழ்ந்து பேச வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

முப்பது வருடம் நம் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடை தைத்தவர் டேப் அக்கா. கழுத்தில் டேப் இல்லாமல் அவரை யார் பார்த்திருக்கிறீர்கள்? ஒவ்வொரு பிள்ளைக்கும் நோட்டில் ஒரு பக்கம். வருடா வருடம் அளவு எழுதுவார். மூன்றாவது மாடியில் ஒரு பெண் பிள்ளை, எட்டு வயது. முந்தைய வருடம் இடுப்பு இருபத்து மூன்று. அடுத்த வருடம் இருபத்தொன்று. வளர்கிற பிள்ளைக்கு இடுப்பு சிறுக்குமா? கையில் டேப் சுற்றியதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டதாம். சட்டைக் கைக்குள் கன்றிப்போன தடம்.

அக்கா அந்த மாடியில் கதவு கதவாகத் தட்டினார். “அது அவங்க வீட்டு விஷயம்க்கா, நமக்கெதுக்கு?” என்றது ஒரு வீடு. “முன்னாடி அழுகைச் சத்தம் கேட்கும். இப்போதான் ஒண்ணுமில்லையே!” என்றது பக்கத்து வீடு.

ஏன் இல்லை? நான் தடுத்தேன்! தூக்கம் கெடுகிறது என்று பக்கத்து வீட்டு ஐயா கூப்பிட்டார். நடுச்சுவரில் இரண்டு அடுக்குப் பலகை, இடையில் பஞ்சு, இண்டு இடுக்கெல்லாம் பசை. தலை குனிய வேண்டாம் ஐயா. ஒட்டியது என் கை. ஒட்டும்போதே அந்தப் பக்கம் பிள்ளை அழுதது. எவ்வளவு சத்தம் என்று மீட்டர் வைத்து அளந்தேன். ஏன் அழுகிறது என்று கேட்கவில்லை.

அக்கா என் பட்டறைக்கு வந்தார்.

“சுவத்து வேலை நல்லா பண்ணியாடா?”

“பக்காவா பண்ணேன்க்கா. முப்பது டெசிபல் குறையும்.”

“அடி எவ்ளோடா குறைஞ்சுது?”

 அக்கா அங்கேயே நின்று குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் போட்டார். பெயர் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றார்கள். “என் பேரை எழுதிக்கோங்கம்மா, கடை விலாசத்தையும் எழுதிக்கோங்க” என்றார் அக்கா. அந்தப் பிள்ளை இன்று சித்தி வீட்டில் நன்றாக இருக்கிறது.

நாம் அக்காவுக்கு என்ன செய்தோம்? குடியிருப்பின் பெயரைக் கெடுத்துவிட்டார் என்று சங்கம் கடிதம் கொடுத்தது. தலைவரே, கையெழுத்து உங்களுடையது. பாதி வீடுகள் சீருடையை வேறு கடையில் தைத்தன. இன்று மலர்வளையம் மட்டும் எத்தனை!

அக்கா கலங்கவில்லை, கொதித்தார். “போன் போடுறது கடைசி வேலைடா. அந்த அப்பனுக்கு வேலை போய் ஆறு மாசம். அம்மாவுக்கு ரெண்டு ஷிஃப்ட். ‘பிள்ளைய நான் பாத்துக்கறேன், நீ கொஞ்சம் தூங்கு’ன்னு ஒரு சாயங்காலம் யாராவது சொன்னோமா?”

“அதுக்காக அடிக்கலாமாக்கா?” என்று கத்தினேன்.

“கூடாது. அதனாலதான் போன் போட்டேன். அடி விழுற வரைக்கும் காத்துக்கிட்டிருந்தது யாரு?”

மறுநாளே கடையின் பின்னறையைக் காலி செய்தார். மாலை நான்கிலிருந்து ஆறு வரை யாரும் பிள்ளையை விட்டுப் போகலாம். காரணம் கேட்கமாட்டார். கதவு திறந்தே இருக்க வேண்டும், எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும் என்பது மட்டும் விதி. இரண்டு வருடத்தில் பதினேழு வீட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். ஒரு அம்மா வாசலிலேயே சொன்னார்: “இன்னைக்குக் கண்டிப்பா அடிச்சிருப்பேன்க்கா. அதான் கொண்டாந்துட்டேன்.” அக்கா அவருக்கு நாற்காலி போட்டார். அவ்வளவுதான். அன்று அந்தப் பிள்ளை மேல் கை படவில்லை.

அக்கா போய்ப் பதினோரு நாள். அறை பூட்டிக் கிடக்கிறது. மகள் திறக்கத் தயார். தையலையும் பார்த்துக்கொண்டு தினமும் தனியாக அவர் என்ன செய்வார்? செவ்வாய்க்கிழமை அவரோடு நான் இருப்பேன். மற்ற நாளெல்லாம் காலி.

அடுத்து இரண்டு நிமிட மௌனம் என்று நிகழ்ச்சிநிரலில் போட்டிருக்கிறது. மௌனமா! இத்தனை வருடம் நாம் காத்த மௌனம் போதாதா? அந்த இரண்டு நிமிடத்தை எனக்குக் கொடுங்கள். யாரும் எழுந்து நிற்க வேண்டாம். கை தூக்கினால் போதும், நான் எழுதிக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை. யார் வருகிறீர்கள்?