காணாமல் போன கால் வினாடி

தூசி எனக்கு ஒன்றும் செய்யாது, ஐயா. மாப்பிள்ளைக்குத்தான் ஆகாது. என் தங்கை கணவரைச் சொல்கிறேன். சரியான மறதிக்காரர். அதனால் அவருடைய இன்ஹேலர் ஒன்று எப்போதும் என் மேசை இழுப்பறையில் இருக்கும். அது என் ஏற்பாடு.

பன்னிரண்டு வருடமாக நாங்கள் இருவரும் செஸ் ஆடும் நிரல் எழுதிவந்தோம். பழைய கணினி ஆமை வேகம். ஆட்டமோ இரண்டு மணி நேரம். எந்த நகர்த்தலையெல்லாம் பார்க்காமலே தள்ளிவிடலாம் என்று நிரலுக்குச் சொல்லிக்கொடுப்பதில்தான் வித்தையே இருந்தது. அந்தப் பகுதி முழுக்க என் கைவண்ணம். பிறகு வேகமான கணினி வந்தது. போட்டிகளும் ஆளுக்கு மூன்று நிமிடம் என்று சுருங்கின.

"மச்சான், இனிமே தள்ளுற வேலையெல்லாம் வேணாம். மெஷினே எல்லாத்தையும் பாத்துடும். நீங்க எழுதினதுல பாதியைத் தூக்கிடலாம்," என்றார்.

எனக்கு வலித்தது. தூக்கிவிடுங்கள் என்றேன்.

அடுத்த வாரம் நிரல் ஆடிய போட்டிகளின் பதிவுகளைப் பார்த்தேன். ஒவ்வொரு நகர்த்தலிலும், ஒதுக்கிய நேரத்தில் கால் வினாடி மிச்சமிருக்கும்போதே நிரல் யோசிப்பதை நிறுத்தியிருந்தது. அந்தக் கால் வினாடியில் எங்கள் ஆட்டத்தை எதிரணிக்கு அனுப்புகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து அவரைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தேன். போனில் சிரித்தால் நேரத்தைக் குறித்துக்கொண்டேன். தங்கையிடம் விசாரித்தேன்.

"அவராவது மறைக்கிறதாவது. நாலு நாள் தாங்காதுண்ணா, தானா உளறிடுவார்," என்றாள்.

அவளையும் பேசிச் சரிக்கட்டிவிட்டார் என்று புரிந்தது.

செவ்வாய் காலை, நிரலில் அந்தக் கால் வினாடியைப் பிடித்துவைக்கும் வரிகளைக் கண்டுபிடித்தேன். பக்கத்திலேயே குறிப்பு எழுதியிருந்தார்: 'புது மெஷின்லேர்ந்து நகர்த்தல் போய்ச் சேரக் கொஞ்சம் லேட்டாகுது. நேரம் தீர்ந்து தோத்துடக் கூடாதுன்னு இந்த மிச்சம். மச்சான்கிட்ட சொல்லணும்.' மாட்டிக்கொள்ளாமல் இருக்க நினைப்பவன் வேறு எப்படி எழுதுவான்?

மதியம் கதவைச் சாத்திவிட்டு, பழைய கணினியைத் திறந்து துடைக்க அவரிடம் சொன்னேன். மறுபேச்சில்லாமல் திறந்தார். விசிறியில் பன்னிரண்டு வருடத் தூசி. இருமினார். தரையில் உட்கார்ந்தார். இழுப்பறையைக் காட்டினார். நான் இன்ஹேலரை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, கால் வினாடி எங்கே போகிறது என்று கேட்டேன். குரலை உயர்த்தவில்லை. ஒன்பது நிமிடம் காத்திருந்தேன். போட்டியில்கூட யாரும் அவ்வளவு தருவதில்லை.

ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கொடுத்திருப்பேன், ஐயா. கடைசிவரை வாயைத் திறந்து திறந்து மூடினாரே தவிர, பதில் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.