திரும்பிப் போகும் பட்டன்

— கங்கம்மா ஆன்ட்டி, ட்ரெயினிங் சிடில உள்ள திரும்பிப் போனா வர்ற அந்தப் பெருக்கல் குறியை எடுத்துடறேன். சிவப்பா, அவ்ளோ பெருசா போட்டது எங்க தப்புதான். ஆனா பாருங்க, உங்க வீட்டுக்காரர் பேரை நாங்க எங்கயும் போடல.

— பேரு போடலன்னா? தங்கச் சொரங்கத்துல நந்திதுர்க் ஷாஃப்ட்டு. ஏர் பிளாஸ்ட்டுல பாறை வெடிச்சி வுழுது. தப்பிச்சி வெளிய வந்தவன் கூட்டாளியத் தேடினு திரும்ப உள்ள போறான். இது யாரு கதைன்னு பாலகாட்டு லைன் வூடுங்கள்ல பச்சப்புள்ளைக்குக்கூடத் தெரியும்.

— சாரி ஆன்ட்டி. நெஜமா நடந்ததைக் காட்டினாத்தான் ட்ரெயினிங் மனசுல நிக்கும்னு சொன்னாங்க.

— நீ யாரு வூட்டுப் பொண்ணு?

— ஃபிட்டர் நேசமணி பொண்ணு, ஜூடித். பெங்களூர்ல சிடி பண்ற கம்பெனியில வேலை பாக்கறேன்.

— தோ பாரு ஜூடித்து, நான் சண்டைக்கு வர்ல. அதை எனுக்கு ஒரு தபா காட்டு.

— வேணாம் ஆன்ட்டி, ப்ளீஸ்.

— காட்டுமா. பொணத்தையே பாத்தாச்சி. பொம்மையப் பாக்கறதுக்கு இன்னா?

— சரி, இதான் மௌஸ், புடிங்க. பாறை விழுந்தாச்சு. நீங்க வெளிய வந்துட்டீங்க. உங்க கூட்டாளி உள்ளருந்து கூப்பிடறாரு, கேக்குதா?

— கேக்குது. ஐயோ, நெஜமாவே கூப்பிடறா மாதிரி கீது.

— இப்ப கீழ ரெண்டு பட்டன் வரும். ஒண்ணு, திரும்பி உள்ள போறது. இன்னொண்ணு, கேஜ் லிஃப்ட்ல ஏறி மேல வந்து ரெஸ்க்யூ ஆளுங்களை அனுப்பறது. ரெண்டாவதுதான் சரி. பாறை மறுபடியும் சரியும் இல்லயா?

— சரிதான். யாரு இல்லன்னா? அந்தாளு அதை அமுக்கியிருந்தா இன்னிக்கு என் வூட்ல ஒக்காந்து இருமினு இருப்பாரு.

— அப்ப குறியை எடுக்கணுமா, வேணாமா?

— எடுக்கச் சொல்லி யாரு கேட்டா? இன்னும் பெருசாப் போடு. என் புள்ள ரவிகுமாரு போன வாரம் இந்தப் பொட்டி முன்னாடி ஒக்காந்தான். அப்பன் வேலைய அவனுக்குக் குடுத்துட்டாங்க. வூட்டுக்கு வந்து சிரிச்சினே சொல்றான், "அம்மா, நானும் அப்பா மாதிரியே உள்ள போனேன்"னு. ஆனா பாஸுன்னுட்டாங்க. நாளைக்கு ஷிஃப்ட்டுக்கு எறங்கறான். தப்பா அமுக்கனவன் எப்பிடிமா பாஸு?

— தப்பா அழுத்தினா அதே கேள்வி திரும்ப வரும் ஆன்ட்டி. சரியா அழுத்தற வரைக்கும் வரும். நாங்க முன்னாடி சின்னப் பசங்களுக்கு ஏபிசிடி சிடி பண்ணோம். தப்புப் பண்ணா பசங்க அழக்கூடாதுன்னு அப்படி வெச்சோம். அதே ப்ரோக்ராமைத்தான் இதுக்கும் போட்டோம்.

— கீழ சொரங்கத்துல இன்னொரு தபா கேக்குமா?

— நான் அதை யோசிக்கல ஆன்ட்டி. சத்தியமா யோசிக்கல.

— அவன பெயிலாக்கிடு. உன் காலப் புடிக்கறேன். மேலயே எதுனா எடுபிடி வேலை குடுப்பாங்க, பண்ணட்டும். உசுரோட இருந்தாப் போதும்.

— ஐயோ, எந்திரிங்க ஆன்ட்டி. அவனை மட்டும் எப்படி? ஒவ்வொருத்தரும் எதை அழுத்தினாங்கன்னு கம்ப்யூட்டர்ல இருக்கு. கிட்டத்தட்ட எல்லாருமே மொதல்ல அந்தப் பட்டனைத்தான் அழுத்தியிருக்காங்க. பெயில் போட ஆரம்பிச்சா கேஜ்ல ஏற ஆளே இருக்காது.

— எல்லாருமா?

— கூட்டாளி கூப்பிடற சத்தம் கேட்டதும் கை தானா போயிடுதுன்றாங்க.

— ஒம்போது வருசமா அந்தாளத் திட்டினு கீறேன்மா. பொண்டாட்டி புள்ளைய நெனச்சிப் பாக்காத பைத்தியக்காரன்னு போட்டோவப் பாத்துப் பாத்துத் திட்டியிருக்கேன். எல்லாரும் அப்பிடித்தானா?

— தண்ணி குடிங்க ஆன்ட்டி.

— வேணாம். சரி, எறங்கறவன் எறங்கட்டும். எனுக்கு ஒரு தைரியம் கீது. புள்ளைக்குக் கூட்டாளியா நம்ம பாபுவப் போட்டிருக்காங்க. நானே அவன் வூட்டுக்குப் போயி கெஞ்சிக் கேட்டேன்.

— எந்த பாபு?

— எங்க வூட்டுக்காரரு உள்ள போயி வெளிய தள்ளிவுட்டாரே, அந்த பாபுதான். அவனைத் தள்ளிட்டுத்தான் இவுரு மாட்டிக்கினாரு. எம்புள்ள கீழ மாட்டிக்கினா எவன் ஓடினாலும் அவன் ஓட மாட்டான். அவனும் இங்க வந்து ஒக்காந்திருப்பானே, பொட்டில கீதா?

— இருக்கு ஆன்ட்டி.

— அப்பிடி ஏன் பாக்கற? அவனும் உள்ளதான போனான்?

— ஆன்ட்டி, மொதல் தடவையே பாஸானது அவர் ஒருத்தர்தான்.